மேலூர் களத்தில் ஒரு ‘வாரேன்’: மதுரையில் மூன்று நாள் கராத்தே

மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஈரோட்டில் மதுரை பஸ் ஏறினேன். மதுரைக்குப் போகிறேன் என்றால் எங்கள் ஊரில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான், மீனாட்சியைப் பார்க்கவா என்று. இல்லை, பிளாக் பெல்ட் டெஸ்டுக்கு என்றால் அடுத்த கேள்வி, யாருக்கு என்று. எனக்குத்தான் என்றால் அதற்குப் பிறகு கேள்வி வராது. ஒரு பார்வைதான் வரும். ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிற, நாற்பத்து நான்கு வயதுப் பெண்மணிக்கு என்ன வந்தது என்கிற பார்வை.

என்ன வந்தது என்று எனக்கே சரியாகத் தெரியாது. மகளைக் கராத்தே வகுப்பில் கொண்டுபோய் விடப் போனவள், வாசலில் சும்மா உட்கார்ந்திருப்பதற்குப் பதில் உள்ளே போய் நின்றேன். மகள் ஒரே வருஷத்தில் நிறுத்திவிட்டாள். நான் நிறுத்தவில்லை. பிரவுன் பெல்ட் வரை தட்டுத் தடுமாறி வந்துவிட்டேன். பிளாக் பெல்ட் டெஸ்டில் மட்டும் இரண்டு முறை பெயில்.

காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முகத்தை நோக்கிக் கை வந்தால் நான் கண்ணை மூடிவிடுவேன். பெரிய பின்கதை எதுவும் கிடையாது, பிறவிக் குணம். தீபாவளிக்குப் பக்கத்து வீட்டில் ஊசி வெடி வெடித்தாலும் மூடுவேன், கோயிலில் தீர்த்தம் தெளித்தாலும் மூடுவேன். போன முறை டெஸ்ட் எடுத்தவர், “என்னம்மா, தூக்கம் வருதுங்களா?” என்று அத்தனை பேர் முன்னால் கேட்டார். அன்று பஸ்ஸில் ஊர் திரும்பும்வரை அழுதேன். இன்னும் ஒரே ஒரு முறை, அதிலும் தேறாவிட்டால் கராத்தே டிரெஸ்ஸை மடித்துப் பரணில் போட்டுவிடுவது என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் இந்த முறை கிளம்பினேன். அவரும் “சரி”யென்று தலையாட்டினார், கொஞ்சம் வேகமாகவே.

மதுரை கே.கே. நகரில் வகுப்பு நடத்தும் பாண்டீஸ்வரி, வருஷத்துக்கு ஒரு முறை மூன்று நாள் பயிற்சி முகாம் வைக்கிறார். முதல் இரண்டு நாள் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட். கட்டணம் சாப்பாட்டோடு ஆயிரத்து எண்ணூறு. டெஸ்ட் எடுப்பது அவர் இல்லை, வெளியூரிலிருந்து இரண்டு பேர் வருவார்கள். என் கூடப் பழகிய ஒரு பெண் அங்கே போய்த் தேறி வந்தாள். “அந்தம்மா திட்டமாட்டாங்க, ஆனா விடவும் மாட்டாங்க” என்றாள். அது போதும் என்று பணம் கட்டிவிட்டேன்.

கரூர், திண்டுக்கல் வழியாக வந்த பஸ் பதினொன்றே காலுக்கு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டது. ஐந்தே கால் மணி நேரம். கவனியுங்கள், மாட்டுத்தாவணி இல்லை, ஆரப்பாளையம். நம் பக்கத்து பஸ் எல்லாம் இங்கேதான் வரும். கே.கே. நகர் நகரத்தின் மறுகோடியில் இருக்கிறது, ஆறேழு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் இருநூற்றைம்பதில் ஆரம்பித்தார். நான் நூற்றைம்பதில் ஆரம்பித்தேன். நூற்றெண்பதில் முடிந்தது.

“என்னக்கா, சொந்தக்காரவுக வீட்டுக்கா?” என்று கேட்டார்.

“இல்லைங்க, கராத்தே கிளாசுக்கு.”

“பிள்ளையச் சேக்கப் போறீகளோ?”

“நான்தானுங்க பழகறேன்.”

கண்ணாடியில் ஒரு முறை என்னை நன்றாகப் பார்த்தார். “அடியாத்தி! இத மொதல்லயே சொல்லிருந்தா நூத்தம்பதுக்கே வந்துருப்பேன்ல!” என்றார். சொன்னாரே தவிர, இறங்கும்போது நூற்றெண்பதை எண்ணித்தான் வாங்கிக்கொண்டார்.

கே.கே. நகர் நேர்த்தியான தெருக்களும் ஆஸ்பத்திரிகளும் வீட்டுக்கு இரண்டு டூவீலரும் உள்ள இடம். வகுப்பு ஒரு மாடியில் நடக்கிறது. வெளியூர்ப் பெண்கள் தங்க அதற்கு மேலே ஓர் அறை. பாய் தருவார்கள், போர்வை நாம்தான் கொண்டுபோக வேண்டும். பாண்டீஸ்வரிக்கு முப்பத்து மூன்று வயது, என்னைவிடப் பதினோரு வயது சின்னவர். வெளியில் என்னை ‘அக்கா’ என்பார், வகுப்புக்குள் நுழைந்துவிட்டால் ‘ஈரோடு’ என்பார். மாணவர்கள் அவரைக் கூப்பிடுவது ‘மாஸ்டரக்கா’. ஆண் மாஸ்டர்களையே பார்த்த எனக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்துவிட்டது. இரண்டாம் மணி நேரத்திலேயே நானும் மாஸ்டரக்கா என்றுதான் கூப்பிட்டேன். அக்காவே நான்தான் என்பதை அவர் பெரிதுபடுத்தவில்லை.

வெள்ளி மாலை நான்கு மணிக்கு முதல் வகுப்பு. முதல் வேலை தரையைத் துடைப்பது. பிரவுன் பெல்ட், வெள்ளை பெல்ட் என்ற பேதம் இல்லை, ஈரத் துணியை வைத்துக் குனிந்தபடி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட வேண்டும். அப்புறம் இரண்டரை மணி நேரம் கிஹோன், அதாவது அடிப்படை. நிற்பது, குத்துவது, தடுப்பது, உதைப்பது. புதிதாக எதுவும் இல்லை. வெள்ளை பெல்ட்டின் முதல் நாளில் செய்த அதே குத்துதான். கராத்தேயில் எனக்கு முதலில் அலுத்ததும் இதுதான், இன்றைக்கு மிகவும் மதிப்பதும் இதுதான்.

குத்தும்போது ஒரு கை முன்னால் போகும், மறு கை அதே வேகத்தில் இடுப்புக்கு வர வேண்டும். நான் முன்னால் போகிற கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். மாஸ்டரக்கா வந்து என் பின்னால் போகிற கையைத் தட்டினார்.

“ஈரோடு, அடிக்கிற கையை எல்லாரும் பாப்பாக. இழுக்குற கைய யாரு பாக்குறா?”

“இனிமே பாக்கறேங்க.”

“பாக்க வேணாம். இழுங்க, அம்புட்டுதான்.”

இழுத்தேன். ஆச்சரியம், நான் பார்க்காமல் விட்ட, அடிக்கிற கை தானாக வேகமாகப் போயிற்று. இதை எழுத்தில் விளக்கத் தெரியவில்லை. வகுப்பில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால்தான் புரியும். அன்று இரவு படுத்தபோது தொடை இரண்டும் என்னுடையவையாக இல்லை.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு வண்டியூர்த் தெப்பக்குளம். கே.கே. நகரிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள். நான்கு பேர் சேர்ந்து ஆட்டோ பிடித்தோம், தலைக்கு நாற்பது ரூபாய். குளத்தில் தண்ணீர் நிறைய இருந்தது, நடு மண்டபம் அதில் தலைகீழாகத் தெரிந்தது. நடைப்பயிற்சிக்காரர்கள் கூட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். குளத்துச் சுவரை ஒட்டிய அகலமான நடைபாதையில் ஓர் ஓரமாக நின்று கட்டா செய்தோம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கட்டா என்பது எதிரே இல்லாத ஆட்களோடு போடுகிற சண்டை. எந்தத் திசைக்குத் திரும்ப வேண்டும், எந்த அடிக்கு எந்தத் தடுப்பு என்று எல்லாம் முன்பே வகுக்கப்பட்டது. ஆரம்பித்த இடத்திலேயே வந்து முடிய வேண்டும். நான் ஆரம்பித்த இடத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தேன், முடிந்தபோது இரண்டு அடி தள்ளி நின்றேன். இன்னொரு முறை செய்தேன், மூன்று அடி. நடந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் நின்று, “பாப்பா, ஒன்னய யாரு வெரட்டுறா? நிதானமாச் செய்யி” என்று சொல்லிவிட்டுப் போனார். நாற்பத்து நான்கு வயதில் யாரோ பாப்பா என்று கூப்பிட்டதில் வந்த சந்தோஷத்தில் மூன்றாம் முறை கிட்டத்தட்டப் புள்ளியிலேயே வந்து நின்றேன்.

மாஸ்டரக்கா சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். “திரும்புறதுக்கு முன்னாடி தலை திரும்புது, கண்ணு போகுது, அப்பறம்தான் கை போகுது. அழகா இருக்குக்கா” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த வரியையும் சொன்னார்: “ஆளு இல்லாத பக்கம் கண்ணு நல்லாத்தான் தெறந்திருக்கு.” என் குறை அவருக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது போலிருக்கிறது. அதற்குப் பிறகு குடித்த பருத்திப்பாலின் ருசியே தெரியவில்லை. டம்ளர் இருபது ரூபாய், நல்ல நாளில் குடித்துப் பாருங்கள்.

அன்று மாலைதான் மேலூர். மாட்டுத்தாவணியிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. சாதாரண டவுன் பஸ் கிடைத்தால் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. எங்களுக்கு அவசரம், வெளியூர் பஸ்ஸில் முப்பது ரூபாய் கொடுத்து ஏறினோம். மேலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் இரண்டு கிலோமீட்டர் உள்ளே போனால் வயல்களுக்கு நடுவே ஒரு சிமெண்டுக் களம், நெல் காயப்போடுகிற இடம். அறுப்பு முடிந்துவிட்டதால் களம் காலி. ஓரங்களில் மட்டும் பதரும் வைக்கோலும் ஒதுங்கிக் கிடந்தன. வாரம் ஒரு நாள் மாஸ்டரக்கா இங்கே வந்து அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு வகுப்பு எடுக்கிறார். நாங்கள் போனபோது ஐந்து மணி. வெறுங்காலோடு சிமெண்டில் நின்றால் மத்தியான வெயில் இன்னும் அதில் இருந்தது.

இங்கே குமித்தே, ஜோடியாக நின்று பழகுவது. டெஸ்டில் கேட்கிற முறை இதுதான்: ஒருவர் அடிப்பவர், ஒருவர் தடுப்பவர். ஆளுக்கு ஐந்து முறை. அடிப்பவர் எங்கே அடிக்கப் போகிறார் என்பதை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். முகத்துக்கு என்றால் ‘ஜோதான்’, வயிற்றுக்கு என்றால் ‘சூதான்’. தடுப்பவர் தடுத்துவிட்டு ஒரே ஒரு பதிலடி கொடுப்பார். எந்த அடியும் உடம்பில் படக்கூடாது, விரல் அளவு முன்னால் நின்றுவிட வேண்டும். எதிரியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு அடிக்கிற இந்த ஏற்பாட்டை முதன்முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பழகப் பழகத்தான் தெரிந்தது, சொல்லிவிட்டு வருகிற அடிக்கே கண்ணை மூடுகிறவள் சொல்லாமல் வருகிற அடிக்கு என்ன செய்வாள் என்று.

மேலூர்ப் பெண்கள் ஜப்பான் வார்த்தைகளை ஒதுக்கி வைத்திருந்தார்கள். ‘ஜோதான்’ என்பதற்கு “மேல வாரேன்!” ‘சூதான்’ என்பதற்கு “நடுவுல வாரேன்!” களம் முழுக்க ஒரே ‘வாரேன்’ சத்தம். டெஸ்டில் மட்டும் ஜப்பான் வார்த்தை கட்டாயம் என்றார் மாஸ்டரக்கா. “இங்க எந்தப் பாஷையில சொன்னாலும் சரி, சொல்லாம அடிக்கக்கூடாது. அம்புட்டுதான்.”

எனக்கு ஜோடியாக வந்தவள் அழகுராணி. இருபத்தேழு வயது, மேலூரில் ஓர் உரக்கடையில் பில் போடுகிறாள். என் உயரம், என்னைப் போல ஒன்றரை மடங்கு தோள். அவளும் பிரவுன் பெல்ட், அவளுக்கும் மறுநாள் டெஸ்ட். தேறிவிட்டால் இந்தக் களத்து வகுப்பை அவளிடமே ஒப்படைப்பதாக மாஸ்டரக்கா சொல்லியிருந்தார். அவள் குரலைக் கேட்டால் வரப்பில் நிற்கிற கொக்கு பறந்துவிடும், மிகைப்படுத்தவில்லை, இரண்டு கொக்கு பறந்ததைப் பார்த்தேன். அவள் கத்திக்கொண்டு வர, நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை உத்தேசமாகத் தூக்க, ஒரு மணி நேரம் எப்படியோ ஓடியது. என் முன்கைகளில் மூன்று இடம் வீங்கிவிட்டது. நாளைக்கும் இவளே ஜோடியாக வந்துவிடக்கூடாது என்று மீனாட்சியை வேண்டிக்கொண்டேன்.

ஆறு மணிக்குக் கடைக்குப் போய்க் கணக்கை முடிக்க வேண்டும் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். சரியாக ஆறு மணிக்கு ஊர்க் கோயில் ஒலிபெருக்கி அலறத் தொடங்கியது. எதிரே நின்ற அழகுராணி ஏதோ சொன்னாள். ஒலிபெருக்கிச் சத்தத்தில் கடைசி வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்தது: “வாரேன்க்கா!”

கிளம்புகிறாள் என்று நினைத்தேன். விட்டது சனி என்று கையைக் கீழே போட்டேன். முகம் நிறையச் சிரித்துக்கொண்டு, “சரிம்மா, பாத்துப் போ” என்றேன்.

‘போ’ வாயை விட்டு வெளியே வருவதற்குள் அவள் முஷ்டி வந்துவிட்டது. என் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு குத்து தூரத்திலிருந்து முகம்வரை வருவதை முழுவதுமாகப் பார்த்தேன். அது பெரிதாகிக்கொண்டே வந்து வேறு எதையும் தெரியவிடாமல் மறைத்தது. அப்புறம் உதடு.

“ஐயையோ! மேல வாரேன்னுதான சொன்னேன்! அக்கா! ரத்தம் வருதே!” என்று கத்தினாள் அழகுராணி. நான் சிமெண்டில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். என்ன நடந்தது என்று தெரிந்ததும் களமே சிரித்தது. மாஸ்டரக்கா மட்டும் சிரிக்கவில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். “அடிக்க வந்தவளை வழியனுப்பி வச்ச மொத ஆளு நீங்கதான்க்கா” என்றார். அப்புறம் உட்கார்ந்து உதட்டைப் பார்த்து, தையல் வேண்டாம் என்றார். குமித்தேயில் கடைசியாகக் கும்பிட்டுத் தலை நிமிரும்வரை சண்டை முடிவதில்லை, கும்பிடும்போதும் கண் எதிராளி மேல் இருக்க வேண்டும் என்றார். நான் தலையாட்டினேன். பிறகு அழகுராணியிடம் திரும்பி, “சரி, அவுக கையைக் கீழ போட்டாக. நீ ஏன் நிப்பாட்டல?” என்று கேட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முரட்டுப் பெண், நிறுத்த மனமில்லை என்றுதான் நான் நினைத்தேன்.

அறைக்கு வந்து இட்லியைச் சட்னி தொடாமல் விழுங்கினேன். காரம் பட்டால் உயிரே போய்விடும். வீட்டுக்காரர் போனில், “பேசாம காலைல பஸ் ஏறிரு. எதுக்கு இந்த வேண்டாத வேலை?” என்றார். நியாயம்தான் என்று பையைக்கூட அடுக்கத் தொடங்கிவிட்டேன். அடுக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. இத்தனை வருஷம் நான் எதற்காகக் கண்ணை மூடினேனோ அது இன்றைக்கு நடந்துவிட்டது. கண் திறந்திருக்கும்போதே நடந்தது. நடந்ததில் என்ன ஆயிற்று? ஓர் உதடு வீங்கியது, ஒரு வேளை சட்னி போயிற்று. இதற்காகவா இரண்டு முறை பெயிலாகி அழுதேன் என்று என் மேலேயே கோபம் வந்தது. அடுக்கிய துணியை மறுபடி வெளியே எடுத்து, டிரெஸ்ஸை உதறி ஆணியில் மாட்டினேன்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் மாடி ஹாலில் டெஸ்ட். டெஸ்ட் எடுக்க வந்த இருவரும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். கிஹோன் முடிந்தது, இழுக்கிற கையை நன்றாகவே இழுத்தேன். கட்டாவும் முடிந்தது. அப்புறம் குமித்தே, உயரப்படி ஜோடி. பயந்தது சரியாகவே நடந்தது. எதிரே அழகுராணி வந்து நின்றாள். அவள் முதுகு மேசைப் பக்கம், முகம் என் பக்கம்.

முதலில் அவள் முறை. “ஜோதான்!” ஹாலே அதிர்ந்தது. நான் கண்ணை மூடவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், மூடவில்லை. முஷ்டி வந்தது, கை தானாக எழுந்து தடுத்தது, பதிலடி போய் அவள் மோவாய்க்கு முன்னால் நின்றது. எனக்கு அங்கேயே குதிக்கலாம் போலிருந்தது. இரண்டாவது அடி வந்தது. இந்த முறை முஷ்டியைத் தாண்டி அவள் முகத்தைப் பார்த்தேன்.

அழகுராணி கண்ணை இறுக மூடியிருந்தாள்.

ஊசி போடும்போது குழந்தைகள் மூடுமே, அப்படி. மூன்று, நான்கு, ஐந்து, எல்லாவற்றுக்கும் அப்படியே. கத்துகிறாள், கண்ணை மூடுகிறாள், குருட்டாம்போக்கில் வருகிறாள். மேசையில் இருப்பவர்களுக்கு அவள் முதுகுதான் தெரியும். அடிப்பதில் தப்பித்துவிட்டாள். ஆனால் அடுத்தது என் முறை, அவள் தடுக்க வேண்டும். மூடிய கண்ணோடு எதைத் தடுப்பாள்?

“ஜோதான்!” என்று போனேன். கண் மூடியது. அவள் கை எழுவதற்குள் என் முஷ்டி அவள் மூக்கு முன்னால் நின்றுவிட்டது. மேசையில் ஒருவர் பேனாவை எடுத்தார். இரண்டாவது முறையும் அதே கதை. இப்போது அடுத்தவரும் பேனாவை எடுத்தார். இன்னும் மூன்று. களத்தில் சிரித்துக்கொண்டிருந்த, இவள் தேறினால் இவளிடம் பழகப்போகிற அந்தப் பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். எதிரே அவள் மேலுதட்டில் வியர்வை நின்றது. யோசிக்கவெல்லாம் இல்லை. வாய் தானாகத் திறந்தது.

“அழகு! நடுவுல வாரேன்!”

படக்கென்று கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், வருகிற கையைப் பார்த்தாள். அவள் தடுத்த தடுப்பில் என் முன்கை மரத்துப்போயிற்று. பதிலடி என் நெஞ்சுக்கு விரலளவு முன்னால், சொல்லிவைத்த மாதிரி நின்றது.

“யாமே!” நிறுத்து என்று அர்த்தம். மேசையில் இருந்தவர் எழுந்துவிட்டார். “என்னம்மா இது? டெஸ்ட்ல எதிராளிகிட்டப் பேசுறது என்ன பழக்கம்?”

காரணத்தைச் சொல்லலாம். சொன்னால் அழகுராணி காலி. “மறந்துட்டேங்க சார்” என்றேன். “பிளாக் பெல்ட் வாங்க வந்தவங்க மறக்குற விஷயமா இது?” என்றார்.  மீதி இரண்டையும் ஒழுங்காக ஜப்பான் வார்த்தையில் முடித்தோம். இரண்டு முறையும் அழகுராணியின் கண் அகலத் திறந்திருந்தது.

பன்னிரண்டரைக்கு முடிவைப் படித்தார்கள். அழகுராணி பாஸ். நான் கிஹோனும் கட்டாவும் பாஸ், குமித்தே பெயில். அதை மட்டும் மூன்று மாதம் கழித்து வந்து மறுபடி செய்யலாம். மாஸ்டரக்கா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “கண்ணு நல்லாத் தெறந்திருந்துச்சு. பெறகு ஏன்க்கா இப்படி?” என்று கேட்டார். “வாய் சும்மா இருக்கலீங்க” என்றேன். வருத்தமாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தேன்.

அழகுராணி தன் ஸ்கூட்டியில் ஆரப்பாளையம் வரை கொண்டுவந்து விட்டாள்.  டீக்கடை வாசலில் நின்றபோதுதான் மெதுவாகக் கேட்டாள்.

“பாத்துட்டீகளாக்கா?”

“பாத்தேன்.”

“எம்புட்டு நாளா இப்படித் தெரியுமா? மொத நாள்ல இருந்தே. கத்துறதே அதுக்குத்தான்க்கா. கத்துனா நான் பயந்தவன்னு யாரும் நெனைக்க மாட்டாகள்ல. நேத்து ஒங்க ஒதட்ட ஒடச்சதும் அதுனாலதான். நீங்க கையக் கீழ போட்டதே எனக்குத் தெரியாது.” டீயை வைத்துவிட்டாள். “நான் திரும்பப் போயி அவுககிட்டச் சொல்லிர்றேன்.”

“சும்மா இரு. உன் டீ ஆறுது” என்றேன். அப்புறம் என் கதையைச் சொன்னேன். நேற்று மாலை முழுக்க நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் நின்றேன் என்று.

அவள் வாயைப் பிளந்தாள். “நெசமாவா? நீங்க மூடுனது எனக்குத் தெரியவே தெரியாதே!”

“உனக்கு எப்படித் தெரியும்?”

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. ஒரு மணி நேரம் இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு சண்டை போட்டிருக்கிறோம். டீக்கடைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். என் உதடு மறுபடி பிளந்துகொண்டது, அப்படியும் சிரிப்பு நிற்கவில்லை.

இரண்டரை மணி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தேன். முந்தைய இரண்டு டெஸ்டிலும் என் எதிரே நின்றவர்களை எனக்கு இப்போது நினைவுபடுத்திப் பார்க்க முடியவில்லை. கை நினைவிருக்கிறது, முகம் இல்லை. அவர்கள் எல்லாம் என்னை அடிக்க வந்தவர்கள் என்று மட்டும் மனதில் பதிந்திருக்கிறது. அவர்களில் எத்தனை பேர் என்னைப் போலவே பயந்து நின்றார்களோ, யாருக்குத் தெரியும்? கிஹோனும் கட்டாவும் தனியாகப் பழகிவிடலாம். குமித்தே எதற்கு இருக்கிறது என்று எனக்கு இவ்வளவு நாள் விளங்கவில்லை. அடிக்கவும் தடுக்கவும் என்று நினைத்திருந்தேன். எதிரே நிற்பது ஓர் ஆள் என்று பார்ப்பதற்காக என்று இப்போது நினைக்கிறேன்.

போக நினைக்கிறவர்களுக்கு: மாசி மாதத்திலேயே மேலூர் சிமெண்டு ஐந்து மணிக்கும் சுடுகிறது, பாதத்துக்குத் தேங்காய் எண்ணெய் கொண்டுபோங்கள். இரண்டு செட் டிரெஸ் கட்டாயம், ஒன்று காய்வதற்குள் அடுத்த வகுப்பு வந்துவிடும். போக வர, ஆட்டோ, முகாம் கட்டணம் எல்லாம் சேர்த்து எனக்கு இரண்டாயிரத்து எழுநூறுக்குள் முடிந்தது, டெஸ்ட் கட்டணம் தனி. வண்டியூரில் காலை ஆறரைக்கு மேல் போனால் நடைப்பயிற்சிக் கூட்டத்தில் காலை வீச இடம் இருக்காது. டெஸ்டில் வாயை மூடிக்கொண்டிருங்கள் என்றும் சொல்லத்தான் வேண்டும், அதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

இரவு எட்டு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். வீட்டுக்காரர் என் உதட்டைப் பார்த்தார், வெறும் கையைப் பார்த்தார்.

“பெயிலா?”

“குமித்தே மட்டுமுங்க.”

“சரி, விடு. இதுதான் கடைசின்னு நீயே சொல்லிட்டுத்தானே போனே?”

“அது கண்ணை மூடிட்டு இருந்தவ சொன்னதுங்க” என்றேன்.

 அவர் போனை எடுத்து, வைகாசியில் மதுரைக்கு எந்த ரயில் தோது என்று தேட ஆரம்பித்தார்.